எந்தப் பேயை முதலில் படிப்பது? ஐந்து ஆங்கிலச் செவ்வியல் படைப்புகள், ஓர் ஒப்பீடு

ஆங்கில கிளாசிக் ஏதாவது படிக்க வேண்டும், அதில் பேய் வந்தால் இன்னும் தேவலை, எதில் ஆரம்பிக்கலாம்? டிசம்பர் பிறந்தால் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒன்றை எடுத்து, இருபதாம் பக்கத்தில் கவிழ்த்து வைத்தவர்கள். தங்கள் ஆங்கிலம் போதவில்லையோ என்ற கவலையும் அவர்களுக்கு உண்டு.

பெரும்பாலும் வரிசைதான் தப்பு. கல்லூரி நாள்களில் நான் முதலில் எடுத்தது ஹென்றி ஜேம்ஸின் 'த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ'. அலமாரியில் இருந்ததிலேயே அதுதான் ஒல்லியாக இருந்தது. உள்ளே போனால் ஒவ்வொரு வாக்கியமும் நாலு சந்து திரும்பித்தான் வீடு சேர்கிறது. மூன்று வாரம் கழித்து, பேய் என்ன ஆனது என்று தெரியாமலே, அபராதம் கட்டித் திருப்பிக் கொடுத்தேன். அதே புத்தகத்தைப் பத்து ஆண்டு கழித்து ஒரே ராத்திரியில் முடித்தேன். நடுவில் வேறு பேய்களோடு பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

## எதை வைத்து அளப்பது?

விலையை விட்டுவிடலாம். இங்கே வரும் எல்லாமே காப்புரிமை முடிந்தவை. புராஜெக்ட் கூட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், கேட்க விரும்பினால் லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிப்புத்தகம் உண்டு.

மொழி எவ்வளவு முரடு, படிக்க எத்தனை நாள் ஆகும் என்பவை எல்லாரும் கேட்கிற இரண்டு அளவுகோல்கள். நான் இன்னும் மூன்று சேர்ப்பேன். பேயை யார் பார்க்கிறார்கள்? ஊரே பார்த்தால் அது பேய். ஒருவர் மட்டும் பார்த்தால், பேயைவிட அவரைத்தான் நாம் கவனிக்க வேண்டியிருக்கும், கதையின் குணமே மாறிவிடும். அடுத்து, அந்தப் பேய்க்கு என்ன வேண்டும்? பழியா, தூக்கமா, உள்ளே வர ஓர் இடமா? உங்களுக்குப் பிடிக்கப்போகிற புத்தகத்தை இந்தக் கேள்விதான் காட்டிக்கொடுக்கும். கடைசியாக மறைமுகச் செலவு: கதைக்கு வெளியே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை, பல்லைக் கடித்துத் தாண்ட வேண்டிய பக்கங்கள்.

'எவ்வளவு பயமாக இருக்கும்' என்பதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இந்த ஐந்தில் இரண்டுதான் இன்றைக்கும் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும். வெறும் பயம் போதும் என்பவர்களுக்குக் கடைசியில் தனியாக இரண்டு கதைகள் வைத்திருக்கிறேன்.

| படைப்பு | மொழி | நீளம் (சொற்கள், தோராயமாக) | பார்ப்பவர் | பேய்க்கு வேண்டியது |
|---|---|---|---|---|
| த கேன்டர்வில் கோஸ்ட் (1887) | எளிது | 11,000 | வீட்டில் எல்லாரும் | தூக்கம் |
| எ கிறிஸ்துமஸ் கேரல் (1843) | நடுத்தரம் | 28,000 | ஸ்க்ரூஜ் மட்டும் | பழைய கூட்டாளி திருந்த வேண்டும் |
| ஹாம்லெட் (1600 வாக்கில்) | கடினம் | 30,000 | முதலில் நால்வர், பிறகு ஒருவர் | பழி |
| உதரிங் ஹைட்ஸ் (1847) | நடுத்தரம், சில இடம் முரடு | 1 லட்சத்துக்கு மேல் | பனியில் மாட்டிக்கொண்ட விருந்தாளி, ஓர் ஆட்டிடையன் | வீட்டுக்குள் வர |
| த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ (1898) | சிக்கல் | 40,000-க்கு மேல் | அதுதான் வழக்கே | அதுவும் வழக்கில் |

## த கேன்டர்வில் கோஸ்ட்: பேய் பாவம் என்று தோன்றும்

ஆஸ்கர் வைல்டின் இந்தக் கதையை ஒரே மூச்சில் படித்துவிடலாம். அமெரிக்கக் குடும்பம் ஒன்று இங்கிலாந்தில் பேய் குடியிருக்கும் மாளிகையை, பேய் உண்டு என்று தெரிந்தே வாங்குகிறது. அந்தப் பேயான சர் சைமன் முந்நூறு ஆண்டாக எல்லாரையும் நடுங்க வைத்தவர். இவர்களிடம் அவர் பாச்சா பலிக்கவில்லை. நள்ளிரவில் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தால், வீட்டுக்காரர் கதவைத் திறந்து, சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது, இந்த எண்ணெயைப் போடுங்கள் என்று ஒரு புட்டியை நீட்டுகிறார்.

எனக்குப் பிடித்தது ரத்தக்கறை. 1575-இல் சர் சைமன் மனைவியைக் கொன்ற இடத்தில் அழியாத கறை. குடும்பத்தின் மூத்த பையன் கறைநீக்கி போட்டு அதைத் துடைத்துவிடுகிறான். மறுநாள் திரும்பவும் கறை. துடைக்கத் துடைக்க வருகிறது, நிறம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. ஒருநாள் பச்சையாகவே இருக்கிறது. பேய் அந்த வீட்டுப் பெண் வர்ஜீனியாவின் வண்ணப்பெட்டியில் கைவைத்திருக்கிறது. முதலில் சிவப்பெல்லாம் தீர்ந்தது. அவளால் சூரிய அஸ்தமனம் வரைய முடியவில்லை. அப்புறம் பச்சையும் மஞ்சளும் போயின. கடைசியில் நிலாக்காட்சி தவிர வேறெதையும் வரைய வழியில்லாத நிலைக்கு அவள் வந்துவிடுகிறாள்.

மறைமுகச் செலவு சின்னதுதான். கிண்டலின் குறி, பழைய பேய்க்கதைகளின் வழக்கமான சாமான்கள். அவற்றைப் படித்திராதவருக்கும் சிரிப்பு வரும், கொஞ்சம் குறைவாக. கடைசிப் பகுதியில் கதை சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு துக்கமாகிறது. அந்தத் திருப்பம் சிலருக்குப் பொருந்துவதில்லை. ஆங்கிலத்தில் முழுதாக ஒரு கதைகூடப் படித்ததில்லை என்பவருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் நான் கொடுப்பது இதைத்தான்.

## எ கிறிஸ்துமஸ் கேரல்: கணக்குப் புத்தகத்தை இழுத்துவரும் ஆவி

கதை தெரியும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கருமி ஸ்க்ரூஜ், மூன்று ஆவிகள், திருந்துகிறான். கார்ட்டூனில் பார்த்திருப்போம். அதனாலேயே புத்தகத்தைத் திறக்காமல் விட்டவர்கள் நிறைய. இந்தப் புத்தகத்தின் பெரிய மறைமுகச் செலவு இதுதான்: முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

ஆனால் மார்லியை டிக்கன்ஸின் சொற்களில் பார்க்காதவர் மார்லியைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஏழு ஆண்டுக்கு முன் இதே கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் செத்த கூட்டாளி. முதலில் வாசல் கதவின் தட்டுவளையத்தில் அவன் முகம் தெரிகிறது. அப்புறம் ஆளே படியேறி வருகிறான். இடுப்பைச் சுற்றிய சங்கிலியில் பணப்பெட்டிகள், சாவிகள், பூட்டுகள், பேரேடுகள், பத்திரங்கள், இரும்புப் பணப்பைகள் கோத்திருக்கின்றன. உடம்பு கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவதால், முன்னால் நின்று பார்க்கிற ஸ்க்ரூஜுக்கு, கோட்டின் முதுகுப்புறம் உள்ள இரண்டு பொத்தான்கள் தெரிகின்றன. தலையைச் சுற்றித் தாடையைக் கட்டியிருக்கும் துணியை அவன் அவிழ்க்கிறான். கீழ்த்தாடை நெஞ்சில் விழுகிறது. பிணத்துக்கு நாம் போடும் அதே தாடைக்கட்டுதான். அந்த வரியில் நான் எப்போதும் ஒரு நொடி நின்றுவிடுகிறேன்.

இங்கே பார்ப்பவன் ஒருவன்தான், அவனே தன் கண்ணை நம்பவில்லை. நீ செரிக்காத இறைச்சித் துண்டாக இருக்கலாம், வேகாத உருளைக்கிழங்காக இருக்கலாம் என்று பேயிடமே சொல்கிறான். வயிற்றுக் கோளாறு என்று சமாளித்துப் பார்க்கிறான், பாவம்.

ஒரு சொல் சிக்கல். டிக்கன்ஸ் 'கோஸ்ட்', 'ஸ்பிரிட்' என்ற இரண்டு சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார். தமிழில் இரண்டுமே 'ஆவி' ஆகிவிடுகின்றன. மார்லி செத்தவன், அவனை ஆவி என்று சொல்லலாம். பின்னால் வரும் மூவரும் செத்தவர்கள் அல்லர், காலத்தின் உருவங்கள். ஒன்று குழந்தை மாதிரியும் கிழவர் மாதிரியும் ஒரே நேரத்தில் தெரிவது, ஒன்று பச்சை அங்கி போட்ட ராட்சசன், ஒன்று கறுப்புப் போர்வைக்குள் ஒரு கை மட்டும். நம் ஊரில் ஆவி இட்லிப் பானையிலிருந்தும் வரும் என்பதால் அந்தச் சொல்லில் பயம் கொஞ்சம் குறைவுதான். மொழிபெயர்ப்பைவிட மூலத்தைப் படியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாக்கியங்கள் நீளம்தான், ஆனால் வாய்விட்டுப் படிக்க எழுதப்பட்டவை. டிக்கன்ஸே மேடையேறி இதை ஊர் ஊராகப் படித்தவர். கண்ணால் படித்துத் திணறுகிறவர்கள் சத்தமாகப் படித்துப் பாருங்கள், பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். ஏழைகள் விடுதி, சிறைத் தண்டனைச் சக்கரம், 'உபரி மக்கள்தொகை' பற்றிய குத்தல் எல்லாம் அன்றைய லண்டன் அரசியல். ஒரு பக்கக் குறிப்பு பக்கத்தில் இருந்தால் போதும். சாப்பாட்டு வருணனை நீளும். பசியோடு உட்காராதீர்கள்.

இன்னொரு சேதி. கருமியைத் திட்டும் இந்தப் புத்தகத்தைப் பதிப்பிக்கும்போது டிக்கன்ஸ் கருமியாக இல்லை. தங்க ஓரம், கையால் வண்ணம் தீட்டிய படங்கள் என்று செலவழித்துவிட்டு விலையை 5 ஷில்லிங்கில் வைத்தார். முதல் 6,000 பிரதிகள் சில நாளில் தீர்ந்தும் அவர் கைக்கு வந்தது 230 பவுண்டு வாக்கில்தான்.

ஐந்து அத்தியாயம், ஐந்து இரவு. வீட்டில் சேர்ந்து படிக்க இதைவிடத் தோதான ஒன்று இந்தப் பட்டியலில் இல்லை.

## ஹாம்லெட்: பேயின் வாக்கு சாட்சியாகுமா?

நடுராத்திரி, டென்மார்க்கின் எல்சினோர் கோட்டைச் சுவர், கடுங்குளிர். நாடகத்தின் முதல் வரியே "யாரது?" என்ற கேள்வி. அதைக் கேட்பது காவலில் நிற்பவன் அல்லன். அவனை மாற்ற வருகிறவன். காவலன், "நீ சொல், நீ யார்?" என்று திருப்பிக் கேட்கிறான். முறை தலைகீழாகிவிட்டது. பேய் இன்னும் வரவேயில்லை, அதற்குள் எல்லார் நரம்பும் எவ்வளவு முறுக்கேறிக் கிடக்கிறது என்று புரிந்துவிடுகிறது.

செத்துப்போன மன்னர் கவசத்தோடு வருகிறார். காவலர்கள் கூட இருக்கும் ஹொரேஷியோவை முன்னால் தள்ளுகிறார்கள்: நீ படித்தவன், நீ பேசு. பேய் பேசுவதில்லை, சேவல் கூவியதும் போய்விடுகிறது. மகன் ஹாம்லெட்டிடம் தனியாகத்தான் வாய் திறக்கிறது. தோட்டத்தில் நான் தூங்கும்போது என் தம்பி என் காதில் விஷம் ஊற்றினான், பழி வாங்கு.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். மொழியின் பழமை ஒரு பக்கம். குறிப்புள்ள பதிப்பு இல்லாமல் இறங்க வேண்டாம், இந்த ஒன்றுக்கு மட்டும் காசு செலவழிக்கலாம். இன்னொரு பக்கம் மதம். என் பாவங்கள் எரிந்து தீரும்வரை பகலில் நெருப்பில் கிடக்கிறேன் என்கிறது பேய். அது கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கும் ஸ்தலம். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்துத் திருச்சபை அப்படி ஓர் இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. ஹாம்லெட் படித்ததோ கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த லூத்தரின் ஊரான விட்டன்பெர்க்கில். அப்படியானால் வந்தது அப்பாவா, அப்பா வேஷத்தில் வந்த சாத்தானா? இந்தச் சந்தேகம் தெரியாமல் படித்தால், ஏன் இவன் சட்டென்று கத்தியை எடுக்காமல் இழுத்தடிக்கிறான் என்று எரிச்சல்தான் வரும். தெரிந்தால், அவன் பேயின் வாக்குமூலத்துக்குச் சாட்சி தேடுகிறான் என்று புரியும்.

முதல் அங்கத்தில் நாலு பேர் பார்த்த பேய், மூன்றாம் அங்கத்தில் தாயின் அறையில் வரும்போது தாய்க்குத் தெரிவதில்லை. காற்றோடு பேசும் மகனைத்தான் அவள் பார்க்கிறாள். அது மகனுக்கு மட்டும் தெரிய வந்ததா, இல்லை அவன் மனம் கலங்கிவிட்டதா என்று ஷேக்ஸ்பியர் சொல்வதில்லை. அந்தப் பேய் வேஷத்தை அவரே போட்டார் என்று ஒரு பழைய செய்தியும் உண்டு; 1709-இல் அவர் வாழ்க்கையை எழுதிய நிக்கலஸ் ரோ சொல்லிவைத்தது.

யாருக்கு? நாடகக்காரர்களுக்கு, இலக்கிய மாணவர்களுக்கு. மற்றவர்கள் முதல் அங்கத்தின் ஐந்து காட்சிகளை மட்டும் ஒரு நல்ல பேய்க்கதையாகப் படித்துவிட்டு நிறுத்தலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னும் வேண்டுமென்றால் மேடையிலோ திரையிலோ பார்த்த பிறகு மீதியை எடுங்கள்.

## உதரிங் ஹைட்ஸ்: வா என்று கெஞ்சப்படும் பேய்

பேயை நம்பி இதை வாங்கினால் ஏமாற்றம்தான். முப்பத்து நாலு அத்தியாயத்தில் பேய் கண்ணில் படுவது மூன்றாம் அத்தியாயத்திலும், கடைசியில் வதந்தியாகவும் மட்டுமே. ஆனால் அந்த மூன்றாம் அத்தியாயம் இருக்கிறதே!

பனியில் மாட்டிக்கொண்ட லாக்வுட், பெட்டிபோல் அடைத்த கட்டிலில் படுக்கிறான். ஜன்னலில் கிளை தட்டுகிறது. கண்ணாடியை உடைத்துக் கிளையைப் பிடிக்கக் கை நீட்டுகிறான். கையில் சிக்குவது பனிக்கட்டியாய்க் குளிர்ந்த சின்ன விரல்கள். உள்ளே விடு, இருபது ஆண்டாக அலைகிறேன் என்று அழுகிறது ஒரு குரல். பயத்தில் அவன் செய்வதுதான் கொடூரம்: அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடி விளிம்பில் வைத்துத் தேய்க்கிறான், ரத்தம் படுக்கையை நனைக்கும்வரை. பேய் யாரையும் எதுவும் செய்யவில்லை; செய்தது மனிதன்.

கனவுதானே என்று விடலாம். ஆனால் தூங்கும் முன் அவன் அந்த அறையில் 'கேத்தரின் எர்ன்ஷா' என்ற பெயரைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருந்தான். 'லின்டன்' என்பது எப்போதாவதுதான். பேய் சொன்ன பெயரோ கேத்தரின் லின்டன். ஏன் லின்டன் என்று அவனுக்கே விளங்கவில்லை. எமிலி பிராண்டி அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அவன் அலறலில் ஓடிவந்த வீட்டுக்காரன் ஹீத்கிளிஃப், கேத்தரினை உயிராய் நேசித்தவன், அவனை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்து, உள்ளே வா, வந்துவிடு என்று இருட்டைப் பார்த்துத் தேம்புகிறான். மற்ற நாலு கதையிலும் பேய் வந்ததுதான் சிக்கல். இங்கே அது வர மறுப்பது சிக்கல். அந்த வராமைதான் அடுத்த முப்பது அத்தியாயத்தையும் ஓட்டுகிறது.

செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். அம்மா கேத்தரின், மகள் கேத்தரின் என்று இருவர்; லின்டன் குடும்பப்பெயராகவும் ஒரு பையனின் பெயராகவும் வரும். ஒரு துண்டுத் தாளில் வம்சாவளி வரைந்து புத்தகத்துக்குள் வையுங்கள். வேலைக்காரன் ஜோசப் பேசுவது யார்க்ஷயர் வட்டார வழக்கு. முதல் தடவை புரியாது, தாண்டிப் போங்கள், கதை கெடாது. விரும்பத்தக்க ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஒரு மாதம் ஒதுக்க முடிந்தவர்களுக்கும், பேயைவிடப் பிரிவு பற்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்கும் உரியது.

## த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ: இரண்டு தடவை படிக்க நேரம் உண்டா?

என்னை ஒருமுறை தோற்கடித்தது. பிளை என்ற ஊர்ப்புற மாளிகை, இரண்டு அழகான குழந்தைகள், புதிதாக வந்த இளம் ஆசிரியை. அவளுக்குப் பெயரே கிடையாது. ஒரு மாலை தோட்டத்தில் நடக்கும்போது, யாராவது இப்போது எதிரே வந்து நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறாள். நிமிர்ந்தால் கோபுரத்தில் ஓர் ஆள். அவள் நினைத்த ஆள் அல்லன்.

அவன் செத்துப்போன வேலைக்காரன் குவின்ட் என்று பிறகு தெரிகிறது; ஏரிக்கு அப்பால் பழைய ஆசிரியை மிஸ் ஜெசலும் வருகிறாள். குழந்தைகளைப் பறிக்க வந்திருக்கின்றன என்கிறாள் இவள். ஆனால் குழந்தைகள் பார்த்ததாக ஒப்புக்கொள்வதில்லை. வீட்டைக் கவனிக்கும் மிசஸ் குரோஸும் பார்க்கவில்லை. எல்லாம் இந்த ஆசிரியையின் மனப்பிரமை என்று அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934-இல் கட்டுரை எழுத, சண்டை சூடுபிடித்தது, இன்னும் ஓயவில்லை. பிரமைக் கட்சிக்கு ஒரு முள் உண்டு: வாழ்நாளில் பார்த்திராத குவின்ட்டின் செம்பட்டை முடியையும் முகத்தையும் அவள் விவரிக்க, மிசஸ் குரோஸ் உடனே ஆளைக் கண்டுகொள்கிறாளே, எப்படி? பேய்க் கட்சிக்கும் முள் உண்டு. அதைச் சொன்னால் முடிவைச் சொன்ன மாதிரி.

என் கட்சி? முதல் வாசிப்பில் பேய், இரண்டாவதில் பிரமை, இப்போது எதுவும் இல்லை. அந்தக் குழந்தைகள் பயந்தது எதைப் பார்த்து என்பது மட்டும்தான் எனக்குக் கேள்வி.

செலவு வாக்கியங்களில்தான். யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை, பேச்சுகள் பாதியில் நிற்கும். இதை நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் படித்துவிட்டுச் சண்டை போடுங்கள், அப்போதுதான் முழு ருசி. தனியாக, முதல் புத்தகமாக, பேருந்தில் படிக்க வேண்டாம். அனுபவஸ்தன் சொல்கிறேன்.

## வெறும் பயம் போதும் என்பவர்களுக்கு

டிக்கன்ஸின் 'த சிக்னல்மேன்', 1866. ஆழமான பள்ளத்தில் ரயில்பாதை, சுரங்கவாய், சிவப்பு விளக்கு, தனியாக ஒரு ஊழியர். விபத்துக்கு முன்னால் ஓர் உருவம் கையை ஆட்டி எச்சரிக்கிறது. எதைப் பற்றி என்றுதான் தெரியாது. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் டிக்கன்ஸ் உயிர் தப்பியவர்; பத்துப் பேர் இறந்தார்கள். அந்த நடுக்கம் கதையில் இருக்கிறது. அரைமணி நேரம் போதும். ஐந்தில் எதையும் எடுக்க மனமில்லாதவர்கள் இன்று இரவே இதை முடிக்கலாம்.

இன்னொன்று எம். ஆர். ஜேம்ஸின் 'ஓ, விசில் அண்ட் ஐல் கம் டு யூ, மை லேட்', 1904-இல் நூலாக வந்த தொகுப்பில் உள்ளது. பேயே கிடையாது என்று அடித்துப் பேசும் பேராசிரியர் கடற்கரை ஊரில் பழைய இடிபாட்டில் ஓர் ஊதலைக் கண்டெடுத்து, ஊதிப் பார்க்கிறார். விடுதியில் ஒற்றைக் கட்டில் அறை இல்லாததால் இரட்டைக் கட்டில் அறைதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டாவது கட்டிலில் யாரும் படுக்கவில்லை. காலையில் அதன் விரிப்பு மட்டும் கசங்கியிருக்கிறது.

லாட்ஜில் தங்கும்போது அறையில் கட்டில் எத்தனை என்று எண்ணிவிட்டு இதைத் திறங்கள்.